நாலாவது ஆள் கட்டுப்படியானாரா? மூன்று நாள் தின்ற கணக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் ரொட்டி சானாய் (மலேசியப் பரோட்டா) கடைக்கு நாலாவது ஆளைச் சேர்த்தோம். ரொட்டி ஒரு நாளைக்கு 420லிருந்து 520 ஆனது. கூட்டம் கூடியது, மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதோ குறைந்திருந்தது.

முதலில் மொத்த விற்பனையை நாலால் வகுத்தேன். தலைக்கு நாளுக்கு 221 வெள்ளி (ரிங்கிட்), பிரமாதம்! ஆனால் அது சராசரி. புது ஆளால் வந்தது எவ்வளவு என்று அது சொல்லாது. அப்புறம் கூடுதலான 100 ரொட்டியை விலை 1.70ஆல் பெருக்கினேன். 170 வெள்ளி, அப்போதும் லாபம்தான். எக்செல் சூத்திரத்தை இரண்டு நாள் நோண்டினேன், அதில் தப்பே இல்லை.

சிக்கல் விலைப்பலகையில் இருந்தது. கூடுதல் ரொட்டி விற்றுப்போக வேண்டுமே என்று அண்ணன் அதே வாரம் 1.80ஐ 1.70 ஆக்கியிருந்தார். பழைய 420 ரொட்டியிலும் பத்துப் பத்து காசு போனது, அதாவது 42 வெள்ளி. ஆக உண்மையான கூடுதல் வரவு 884 கழித்தல் 756, வெறும் 128. மாவு, எண்ணெய், கேஸ் ரொட்டிக்கு 60 காசு; மிச்சம் 68. புது ஆளின் மாதச் சம்பளம் 1,700, அதோடு முதலாளி பங்கு இபிஎஃப் (சேமநிதி) 13 சதவீதம், 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 74; மிச்சத்தைவிட அதிகம். சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) தனி.

விலையை மறுபடி 1.80 ஆக்கினோம். ரொட்டி 490க்கு இறங்கியது, ஆனால் மிச்சம் 84. ஆளை அனுப்பவில்லை. அப்பாடா.

ஐந்தாவது ஆளுக்கு இந்தக் கணக்கே தேவைப்படவில்லை, இருப்பது ஒரே கல்.