கத்தாரையும் கோஸ்டா ரிக்காவையும் வாழ்க்கைத் தரத்தில் ஒப்பிடுவது எப்படி?

எரிவாயுவால் செல்வம் கொழிக்கும் கத்தாரையும், 1948-இல் இராணுவத்தையே கலைத்துவிட்ட மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்காவையும் ஒப்பிட முற்படுபவர், புள்ளிவிவரங்களைப் புரட்டுவதற்கு முன் யாருடைய வாழ்க்கையை ஒப்பிடுகிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கத்தாரில் வசிப்போரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டினர். அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். ஆகவே, கத்தார் குடிமகன், அலுவலகப் பணியிலுள்ள வெளிநாட்டவர், கட்டடத் தொழிலாளி என மூவரையாவது தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வருமானத்தை ஒப்பிடும்போது, சந்தை நாணய மாற்று விகிதத்தைவிட, உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் கொள்ளும் வாங்கும் திறன் மதிப்பே பொருத்தமானது. அப்படிப் பார்த்தால் கத்தாரின் தலா வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். இந்தச் சராசரி எவ்வளவை மறைக்கிறது என்பதைக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள். 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால், டாலருக்கு 3.64 ரியால் என்ற நிலையான விகிதத்தில் அது சுமார் 275 டாலர், அதாவது ஆண்டுக்கு 3,300 டாலர். தங்குமிடமும் உணவும் தராத முதலாளி முறையே 500, 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும். அந்தச் சம்பளத்தின் பெரும்பகுதி தோகாவில் செலவாவதில்லை; நேபாளத்திலோ தமிழ்நாட்டிலோ அரிசியாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. ஆகவே அனுப்பும் பணத்தை ஊர் விலைவாசியில்தான் மதிப்பிட வேண்டும். தோகா விலையில் மதிப்பிட்டால், அந்தத் தொழிலாளி ஏன் அங்கே போனார் என்பதே விளங்காது.

ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி ஐ.நா. 1990 முதல் வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீட்டைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம். எனினும், அதில் வருமானத்துக்கு 75,000 டாலர் என்ற உச்சவரம்பு இருப்பதால், அதற்கு மேல் கத்தார் ஈட்டுவது எதுவும் மதிப்பெண்ணில் சேராது.

உடல்நலத்தில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால் கத்தார் உலகின் மிகச் சிறந்த நாடுகளில் ஒன்றாகத் தெரியும். அங்கே இருப்போர் பெரும்பாலும் இளைஞர்கள் என்பதும், தளர்ந்தவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பதும் அதற்கு முக்கியக் காரணம். வயது வித்தியாசத்தால் திரியாத ஆயுட்கால எதிர்பார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தாரின் வருமானத்தில் சிறு பங்கே உள்ள கோஸ்டா ரிக்காவில் அது ஏறத்தாழ 80 ஆண்டுகள். 1941-இல் தொடங்கிய ‘காஹா’ என்னும் சமூகக் காப்பீட்டு நிறுவனமும், 1990-களில் அது பகுதிவாரியாக அமைத்த அடிப்படை மருத்துவக் குழுக்களும் இதற்குப் பெரிதும் துணைநின்றன. குழுவின் சுகாதாரப் பணியாளர் தடுப்பூசிப் பெட்டியுடன் வீடு வீடாகச் செல்கிறார். அறுவைச் சிகிச்சைக்கு நீண்ட நாள் காத்திருக்க வேண்டும் என்ற குறையையும் பதிந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பையும் உரிமையையும் கூட்டி ஒரே எண்ணாக்குவது வீண் வேலை என்பது என் கருத்து. சுமார் 50 லட்சம் மக்கள் வாழும் கோஸ்டா ரிக்காவில் 2023-இல் 900-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. கத்தாரில் அத்தகைய அச்சம் இல்லை. ஆனால் 2020 வரை அங்கே முதலாளியின் இசைவின்றித் தொழிலாளி வேலை மாற முடியாதிருந்தது. இவை உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் தனித்தனி வரிசைகளாகவே நிற்கட்டும்.

இறுதியாக, நீங்கள் ஒப்பிடும் ஒவ்வொருவரும் 65 வயதில் எங்கே இருப்பார் என்ற வரிசையையும் சேருங்கள். போதிய காலம் சந்தா செலுத்திய கோஸ்டா ரிக்கர் காஹாவின் ஓய்வூதியத்துடன், பழகிய அதே மருத்துவமனைக்குப் போவார். கட்டடத் தொழிலாளியோ, கத்தாரின் எந்தக் கணக்கிலும் வராமல், சேமிப்பை நம்பிச் சொந்த ஊரில் இருப்பார்.