கிரேக்க தத்துவம் படிக்கிறப்போ நாம பண்ற தப்புகள், "சந்தோஷம்"ங்கற வார்த்தையிலயே ஆரம்பிக்குது

அரிஸ்டாட்டில் சந்தோஷத்தை பத்தி ஒரு முழு புத்தகமே எழுதியிருக்கார்னு கேள்விப்பட்டு நிக்கோமக்கிய அறவியலை ஆசையா எடுத்தேன், இருபது பக்கம் தாண்டல, மூடி வச்சுட்டேன். மனசு சரியில்லன்னா என்ன பண்றதுன்னு ஒரு வரி கிடையாது, தச்சன், செருப்பு தைக்கிறவன், யாழ் வாசிக்கிறவன்னு பேசிட்டே போறார் மனுஷன். ரொம்ப நாள் கழிச்சு தான் புரிஞ்சுது, அது சந்தோஷத்தை பத்தின புத்தகமே இல்ல, குறைஞ்சது நாம சொல்ற சந்தோஷம் இல்ல.

அங்க இருக்கிற கிரேக்க சொல் யூடைமோனியா. இங்கிலீஷ்ல ஹேப்பினஸ்னு போட்டாங்க, அங்கேர்ந்து நமக்கு சந்தோஷம், மகிழ்ச்சின்னு வந்துடுச்சு. முதல் தப்பும் பெரிய தப்பும் இதான். நமக்கு சந்தோஷம்னா ஒரு ஃபீலிங், காலையில இருக்கும் சாயங்காலம் போயிடும். யூடைமோனியா ஒரு வாழ்க்கை மொத்தமா நல்லா அமைஞ்சுதாங்கற கேள்வி. கொள்ளுப்பேரன் எல்லாம் பாத்துட்டு ஒரு பெரியவர் போய் சேந்தா கல்யாண சாவுன்னு சொல்லி "நல்லா வாழ்ந்துட்டு போயிட்டார்யா"ன்னு பேசுவோம்ல, அந்த "நல்லா வாழ்ந்தார்" தான் இதுக்கு கிட்டத்துல வர்ற தமிழ்.

ஹெரோடோட்டஸ்னு ஒரு பழைய கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஒரு கதை சொல்றார். லிடியா ராஜா குரோசஸ், பணத்துல புரள்றவர், ஏதென்ஸ்லேர்ந்து வந்த சோலோன்ங்கற சட்டம் எழுதின அறிஞருக்கு கஜானாவை எல்லாம் சுத்தி காட்டிட்டு, உலகத்துலயே பாக்கியசாலி யாருன்னு கேக்குறார், தன் பேரை தான் சொல்லுவார்னு நெனச்சுட்டு. சோலோன் டெல்லஸ்னு ஒரு சாதாரண ஏதென்ஸ்காரர் பேரை சொல்றார்: நல்ல புள்ளைங்க, அத்தனை பேருக்கும் பிறந்த பேரப்பிள்ளைங்க உயிரோட இருக்கிறதை பாத்தார், எலியூசிஸ் பக்கத்து சண்டையில வீரமா செத்தார், ஊரே சேந்து அடக்கம் பண்ணுச்சு. ராஜாவுக்கு செம கடுப்பு. (ரெண்டு பேரும் நிஜமா சந்திச்சிருப்பாங்களான்னே சந்தேகம், காலக்கணக்கு இடிக்குது, அது வேற பஞ்சாயத்து.) இதை கேட்ட பிறகு அரிஸ்டாட்டிலை படிங்க, முடிவை பாக்காம யாரையும் பாக்கியசாலின்னு சொல்லாதேன்னு சோலோன் ராஜாகிட்ட சொன்னதை அவர் எடுத்து, அப்போ ஒருத்தன் செத்தா தான் நல்லா வாழ்ந்தான்னு சொல்லணுமான்னு மல்லுக்கட்டுறது புரியும். ஒரே ஒரு தகைவிலான் குருவி வந்தா வசந்தம் வந்துடாதுன்னு அவர் சொல்றதும் இங்க தான், ஒரு நல்ல நாள் நல்ல வாழ்க்கை ஆகாதாம்.

அடுத்த சிக்கல் அரெட்டேங்கற கிரேக்க சொல். இதை ஒழுக்கம், அறம்னு படிச்சா பாதி அர்த்தம் போச்சு. கத்திக்கும் அரெட்டே உண்டு, நல்லா வெட்டுறது. குதிரைக்கும் உண்டு, கண்ணுக்கும் உண்டு. எது எதுக்காக இருக்கோ அதுல கெட்டியா இருக்கிறது. அப்போ மனுஷனா இருக்கிறதுல கெட்டிக்காரத்தனம்னா என்னங்கறது தான் இவங்க எல்லாரோட கேள்வியும், அந்த தச்சனும் செருப்பு தைக்கிறவனும் வந்தது இதுக்கு தான். அரெட்டே, அறம் ரெண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேக்குதுன்னு முடிச்சு போடாதீங்க, ப்ளீஸ்.

"அரெட்டே தான் அறிவு"ன்னு சாக்ரடீஸ் சொன்னதா வரும், உடனே படிச்சவன் நல்லவன்னு சொல்றார்னு முடிவு கட்டிடுவாங்க. அவர் சொல்ற அறிவு டிகிரி இல்ல, டாக்டருக்கு உடம்பு தெரியுற மாதிரி எது நல்லதுன்னு தெரியுறது. அவரோட சீடர் பிளேட்டோ, சாக்ரடீஸை பேச வச்சு எழுதின புரோட்டகோரஸ் உரையாடல்ல இதுக்கு ஒரு வாதம் வருது: கிட்ட இருக்கிறது பெருசா தெரியும், தூரத்துல இருக்கிறது சின்னதா தெரியும், ஆசையில விழுந்துட்டேன்னு நாம சொல்றது உண்மையில அளவு தப்பா எடுத்தது தான். ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா பெருசா தெரியுது, நாளைக்கு வரப்போற வயித்து வலி சின்னதா தெரியுது, அவ்ளோ தான் மேட்டர். தெரிஞ்சே யாரும் தப்பு பண்றதில்லங்கறது இந்த அர்த்தத்துல.

எனக்கு இது முழுசா ஒத்து வரல, அரிஸ்டாட்டிலுக்கும் ஒத்து வரல. கண்ணு முன்னாடி தெரிஞ்சே தப்பு பண்றாங்களேன்னு கேட்டு, அப்படி பண்றவனுக்கு அந்த நேரத்துல இருக்கிற அறிவு, குடிச்சவன் எம்பெடோக்ளிஸ்ங்கற பழைய தத்துவக் கவிஞரோட செய்யுளை ஒப்பிக்கிற மாதிரின்னு சொல்றார். வாய் சொல்லும், உள்ள இறங்கி இருக்காது. அதனால "கிரேக்கர்கள் சொன்னாங்க"ன்னு மொத்தமா ஆரம்பிக்கிறதே தப்பு, அவங்களுக்குள்ளயே அவ்ளோ சண்டை. நல்லவனா இருந்தா போதும், வேற எதுவும் வேணாம்னு அரிஸ்டாட்டிலுக்கு அப்புறம் வந்த ஸ்டோயிக்குங்கற தத்துவக்காரங்க சொன்னாங்க. சித்திரவதை சக்கரத்துல கட்டி வச்சிருக்கிறவன் கூட நல்லவனா இருந்தா யூடைமோனியாவுல இருக்கான்னு சொல்றது உளறல்னு அரிஸ்டாட்டில் முன்னாடியே எழுதி வச்சுட்டார்.

ஸ்டேட்டஸ்ல சுத்துற வரிகளை நம்பாதீங்க. "எனக்கு ஒன்னும் தெரியாதுங்கறது தான் எனக்கு தெரியும்"னு சாக்ரடீஸ் அப்படியே எங்கயும் சொல்லல, ஏதென்ஸ்ல அவர் மேல போட்ட வழக்கு விசாரணையில அவர் சொன்னது, தெரியாததை தெரிஞ்ச மாதிரி நான் நெனச்சுக்கறதில்லன்னு தான். அதே பேச்சுல அநியாயம் பண்றது கெட்டதுன்னு எனக்கு தெரியும்னும் சொல்றார். "சிறப்புங்கறது ஒரு செயல் இல்ல, பழக்கம்"ங்கறது அரிஸ்டாட்டில் பேர்ல ஓடுது, எழுதினது வில் டியூரன்ட்ங்கற அமெரிக்க எழுத்தாளர், 1926ல. பழக்கம்னா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறதுன்னு ஆயிடுச்சு இப்போ, ஆனா அரிஸ்டாட்டில் கேக்குறது அதுக்கு மேல: தெரிஞ்சு பண்ணணும், அதுக்காகவே தேர்ந்தெடுத்து பண்ணணும், அசையாம பண்ணணும்.

அரெட்டேங்கறது அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவுல இருக்குன்னு அரிஸ்டாட்டில் சொல்ற நடுவழியும் சராசரி இல்ல. மல்யுத்த வீரர் மிலோவுக்கு தேவையான சாப்பாடும் புதுசா பயிற்சிக்கு வந்த பையனுக்கு தேவையான சாப்பாடும் ஒன்னா? கொலைக்கும் திருட்டுக்கும் நடு அளவே கிடையாதுன்னும் தெளிவா சொல்லியிருக்கார். இன்பம் தான் நல்லதுன்னு சொன்ன தத்துவவாதி எபிக்யூரஸ்னா விருந்து, கூத்துன்னு நெனச்சா, அந்த ஆளு ரொட்டியும் தண்ணியும் போதும்னு இருந்தவர், ஒரு நண்பர் கிட்ட சின்ன பானையில சீஸ் அனுப்பு, தோணுறப்போ விருந்து சாப்பிட்டுக்கறேன்னு கேட்டாராம்.

எதுல ஆரம்பிக்கலாம்னு கேட்டா நான் பிளேட்டோவோட மெனோ உரையாடலை சொல்லுவேன், சின்னது, அரெட்டேயை சொல்லி குடுக்க முடியுமாங்கற கேள்வியில தொடங்குது. கடைசி பக்கத்துல விடை இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, கிடைக்காது. நடுவுல அனிட்டஸ்னு ஒரு அரசியல்வாதி வருவார், பெரிய மனுஷங்களே தங்க புள்ளைங்களுக்கு இதை சொல்லி குடுக்க முடியலயேன்னு சாக்ரடீஸ் கேட்டதும் கோவம் வந்து, ஊர்ல எல்லாரையும் ரொம்ப லேசா குறை சொல்ற, ஜாக்கிரதையா இருன்னு சொல்லுவார். கி.மு. 399ல சாக்ரடீஸ் மேல வழக்கு போட்ட மூணு பேர்ல அந்த அனிட்டஸும் ஒருத்தர்.