சிறு வியாபாரிகள் சேர்ந்து சேமிப்பு-கடன் குழு தொடங்குவது எப்படி?

சின்னத் தொழில் செய்பவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. ஈடு காட்ட ஒன்றும் இருக்காது. சிறு கடனுக்கும் பெரிய கடனுக்கும் வங்கிக்கு ஆகும் எழுத்து வேலையோ ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இடைவெளியை வெளிப்பணம் இல்லாமல், உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பைக் கொண்டே அடைக்க முடியும். 1991இல் ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் (CARE) என்ற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கி வைத்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய கிராமச் சேமிப்புக் குழுக்களின் முறைதான் இங்கே அடிப்படை.

1. ஆள் சேர்ப்பது

15 முதல் 25 பேர் போதும். குறைந்தால் கடன் கொடுக்கப் பணம் தேறாது. கூடினால் கூட்டம் இழுத்துக்கொண்டே போகும். எல்லோரும் ஒரே தொழில் செய்பவர்களாக இருக்க வேண்டாம். ஒரே தொழில் என்றால் எல்லோரும் ஒரே சமயத்தில் கடன் கேட்பார்கள், மந்தம் வந்தால் எல்லோரும் ஒரே சமயத்தில் தவணை தவறுவார்கள்.

2. விதியும் பெட்டியும்

சேமிப்பைப் பங்குகளாகப் போட வேண்டும்; ஒரு பங்கு என்பது குழு முடிவு செய்த ஒரு தொகை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் 1 முதல் 5 பங்கு வரை வாங்கலாம். குழுவிலேயே குறைந்த வருமானம் உள்ளவர் வாராவாரம் ஒரு பங்காவது வாங்க முடிகிற அளவில் விலையை வையுங்கள். பணப் பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் குழுவில் எந்தப் பதவியும் வகிக்காத மூன்று பேரிடம் இருக்கட்டும்; பெட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவரிடம் சாவி இருக்கக் கூடாது. பணத்தை எண்ணுவதும் பாஸ்புக்கில் பதிவதும் கூட்டத்தின் நடுவில், எல்லோர் கண்முன்னும்தான் நடக்க வேண்டும். "அவசரம், வீட்டிலேயே வாங்கிக்கொண்டேன்" என்பதை ஒருமுறை அனுமதித்தாலும் கணக்கு குழம்பத் தொடங்கிவிடும்.

3. கடன் கொடுப்பது

முதல் எட்டு, பத்து வாரம் சேமிப்பு மட்டும். யார் ஒழுங்காக வருகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகும் ஒருவருக்கு அவருடைய சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டில் தவணைக்காலம் மூன்று மாதத்தைத் தாண்ட வேண்டாம். கடன் கேட்பவரிடம் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "போட்ட பணம் எப்போது கைக்குத் திரும்பும்?" சரக்கு வாங்கினால் சில வாரத்தில் திரும்பிவிடும். இயந்திரம் வாங்கினால் ஆண்டுக்கணக்காகும். அதற்கு மூன்று மாதக் கடன் கொடுத்தால், வாங்கியவர் அதை அடைக்க வெளியே வட்டிக்கு ஓடுவார்.

வட்டியில்தான் தொடக்கக்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்னாளில் வெளியிலிருந்து நீண்டகாலக் கடன் எடுக்க நேர்ந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12,000 கடன், 12 மாதம், மாதம் 2% வட்டி. ஃபிளாட் வட்டி என்றால் கடைசி மாதம் வரை முழு 12,000க்கும் வட்டி போடுவார்கள்: மாதம் 240, மொத்தம் 2,880. மாதம் 1,000 அசல் அடைத்து, மீதி நிற்கும் அசலுக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 240, அடுத்து 220, கடைசியில் 20, மொத்தம் 1,560. சதவீதம் ஒன்றே, சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. "எத்தனை சதவீதம்" என்பதோடு நிறுத்தாமல், "எந்தத் தொகைக்கு" என்றும் கேளுங்கள்.

4. தவணை தவறினால்

முதல் தவணை தவறிய அதே கூட்டத்தில் பேசுங்கள். நோயோ நஷ்டமோ என்றால் புதிய தேதி குறித்து எழுதிவைக்கலாம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் மட்டும் கூடாது; ஏட்டில் கணக்கு நேராகத் தெரியும், பெட்டியில் பணம் இருக்காது. மருத்துவம், சாவு போன்ற அவசரங்களுக்கென்று வாராவாரம் சிறு தொகையைத் தனிப் பையில் சேர்த்துவந்தால், தொழில் கடன் வீட்டுச் செலவில் கரைவது குறையும்.

5. ஆண்டு முடிவில் பங்கு பிரிப்பது

எல்லாக் கடனையும் வசூலித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். உதாரணமாக, ஆண்டு முழுவதும் விற்ற பங்கு 800, விலை 100, அதாவது சேமிப்பு 80,000. கடன் வாங்கிய உறுப்பினர்கள் கட்டிய வட்டியும் சேர்ந்து பெட்டியில் 92,000 இருந்தால் ஒரு பங்கின் மதிப்பு 115. 40 பங்கு வைத்திருப்பவருக்கு 4,600.

6. கூட்டுறவுச் சங்கமாக மாறுவது எப்போது?

ஆண்டுதோறும் பணத்தைப் பிரித்துவிடுவதால் பெரிய முதல் சேராது. மொத்தமாகச் சரக்கு எடுக்கவோ, பொதுவில் இயந்திரம் வாங்கவோ தேவை வரும்போது சங்கமாகப் பதிவு செய்வது பொருந்தும். அவசரம் வேண்டாம், இரண்டு ஆண்டுக் கணக்காவது சுத்தமாக முடிந்திருக்கட்டும். சங்கத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடை ரொக்கத்துக்கு மட்டுமே விற்றது, லாபத்தை உறுப்பினர்கள் கடையில் சரக்கு வாங்கிய அளவுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தது. இன்று கடை வைக்கும் சங்கத்துக்கும் இவ்விரண்டையும் விதியாக்கச் சொல்வோம். உறுப்பினர்தானே என்று கடையில் கடன் சொல்ல விட்டால், அடுத்த சரக்கு எடுக்கப் பணம் இருக்காது. கடன் வேண்டியவர் கடன் குழுவில் கேட்கட்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள்.