பிரேசில்: விடுமுறையைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்

பிரேசிலுக்குப் புறப்படுகிறவர்கள் அவ்வப்போது தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். திறந்தால் ரியோ நகரம், இகுவாசு அருவி, அமேசான் காடு, பன்டனால் சதுப்புவெளி, லென்சோய்ஸ் மணல்வெளி என்று எல்லாமே இரண்டு வாரத்துக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். மாதம் டிசம்பர். நான் முதன்முதலில் போட்ட திட்டமும் ஏறக்குறைய இதுதான் என்பதால் கோபித்துக்கொள்ள முடிவதில்லை. ஆனால் விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் கருத்துக் கேட்கிறார்கள், அதுதான் எரிச்சல். பாஸ்போர்ட்டுக்கு நகல் எடுங்கள், கொசு விரட்டி வாங்குங்கள் போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. திட்டம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாடு முழுவதற்கும் ஒரே பருவம் என்று நினைப்பது

பிரேசிலின் பரப்பு ஏறத்தாழ 85 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோடு அதன் வடபகுதி வழியாகப் போகிறது. தென்கோடி மாநிலங்களிலோ குளிர்காலத்தில் புல்வெளியில் உறைபனி படிகிறது. இப்படிப்பட்ட நாட்டுக்கு "நல்ல மாதம் எது?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் பார்க்க விரும்பும் இடத்தில் அந்த மாதத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கும்?

லென்சோய்ஸ் மரனென்சஸை எடுத்துக்கொள்வோம். வடகிழக்கில், மரனியான் மாநிலக் கடற்கரையை ஒட்டிய தேசியப் பூங்கா. 2024இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வெண்மணல் மேடுகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாகக் குளங்கள் கிடக்கும் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். பார்த்தால் பாலைவனம் போலத் தெரியும். உண்மையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் நிலம். அந்த மழையில் பெரும்பகுதி ஆண்டின் முதல் பாதியில் கொட்டிவிடுகிறது. மணலுக்குள் இறங்கிய நீர் நிலத்தடி மட்டத்தை உயர்த்த, மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அது குளமாக வெளிப்படுகிறது. மழை நின்ற பிறகு வரத்து கிடையாது. வெயிலும் காற்றும் மட்டும்தான். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை குளங்கள் நிறைந்திருக்கும், செப்டம்பரில் சுருங்கும், நவம்பருக்குள் பெரும்பாலானவை வற்றிவிடும்.

ஒரு டிசம்பரில், லென்சோய்ஸுக்குப் புறப்படும் பரெய்ரினியாஸ் ஊரில் ஒரு குடும்பத்துடன் நானும் சேர்ந்துகொண்டேன். பின்புறம் பெஞ்சு போட்ட ஜீப்பைத் தெப்பத்தில் ஏற்றி ஆற்றைக் கடந்து, மணல் தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போய், கடைசியாகச் செங்குத்தான மேட்டில் மூச்சு வாங்க ஏறினோம். மேலே நின்று பார்த்தால் கீழே குளம் இல்லை, குளத்தின் தரை இருந்தது. காய்ந்த பாசி சாம்பல் நிறத் தோலாக உரிந்து, ஓரங்கள் சுருண்டு, மிதித்தால் நொறுங்கியது. நடுவில் கணுக்கால் அளவு நீர். கை வைத்தால் வெந்நீர். அந்த அம்மாவின் தோளில் நான்கு துண்டுகள், பையன் கையில் காற்றடைத்த வளையம். "இதுதானா அப்பா?" என்றான். அப்பா பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் வண்டி நிழலை விட்டு எழுந்தே வரவில்லை. என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். விற்ற நிறுவனத்துக்கும் தெரியும். அதன் சுவரில் மாட்டியிருந்த படம் ஜூலையில் எடுத்தது. தேதியைச் சொன்னவுடன் "குளம் இருக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் வியாபாரம் போயிருக்கும். போகவர உள்நாட்டு விமானம், இரண்டு இரவு அறை வாடகை, ஜீப் என அந்தக் குடும்பத்துக்கு ஆன செலவை நான் கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் இன்னும் கோபம் வரும்.

மற்ற இடங்களில் மாதக் கணக்கு வேறு மாதிரி. அமேசான் பகுதியிலுள்ள மனௌஸ் நகரில் நீக்ரோ ஆற்றின் மட்டம் ஓர் ஆண்டுக்குள் சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. ஜூன் வாக்கில் உச்சம்; அக்டோபர், நவம்பரில் அடிமட்டம். ஜூனில் போனால் மூழ்கிய காட்டுக்குள் துடுப்புப் படகு நுழையும், மரக்கிளைகள் முகத்துக்கு நேரே வரும். அக்டோபரில் போனால் அதே மரங்களின் அடியில் நடக்கலாம்; பழைய வெள்ளக்கோடு உங்கள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் அடிமரத்தில் தெரியும். இரண்டும் பார்க்கத் தக்கவை, ஆனால் இரண்டும் வெவ்வேறு பயணங்கள். வறட்சி கடுமையானால் கணக்கு இன்னும் மாறும்: 1902இல் அளவெடுப்பு தொடங்கியதிலிருந்து இல்லாத அளவுக்கு 2023இல் நீர் இறங்கியது; 2024இல் அதற்கும் கீழே போனது. படகு எட்டாத ஊர்கள் தனித்து நின்றன.

ஒரே பயணத்தில் எல்லாம் வேண்டும் என்றால் ஜூலையை நோக்குங்கள். லென்சோய்ஸ் நிறைந்திருக்கும், அமேசானில் வெள்ளம் முழுதாக வடிந்திருக்காது, பன்டனால் காயத் தொடங்கியிருக்கும். உள்ளூர்ப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கூட்டமும் விலையும் கூடுதல்தான். டிசம்பரைத் தவிர வேறு வழியில்லை என்றால் லென்சோய்ஸைத் தயங்காமல் வெட்டுங்கள்.

விலங்கு பார்க்க அமேசானுக்குப் போவது

அமேசானில் உயிரினங்கள் ஏராளம். உங்கள் கண்ணில் படுவது சொற்பம். அடர்ந்த காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. குரங்கின் சத்தம் கேட்கும், குரங்கு தெரியாது. ஜாகுவார் பார்ப்பதுதான் ஆசை என்றால் போக வேண்டிய இடம் பன்டனால் சதுப்புவெளி, அதுவும் ஜூலை முதல் அக்டோபர் வரை. அந்த உலர்காலத்தில் ஆறு கரைக்குள் அடங்கியிருக்கும். முதலையினத்தைச் சேர்ந்த கெய்மனையும், பெரிய கொறிவிலங்கான கேப்பிபாராவையும் வேட்டையாட ஜாகுவார் கரைக்கே வரும். போக்கோனே ஊரிலிருந்து டிரான்ஸ்பன்டனெய்ரா என்ற மண்சாலையில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர் போனால் போர்ட்டோ ஜோஃப்ரே. அங்கிருந்து படகு. மழைக்காலத்தில் வெள்ளம் பரவிவிட்டால் விலங்குகளும் பரவிவிடும்.

வரைபடத்தில் விரலால் அளப்பது

மனௌஸைத் தெற்கோடு இணைக்கும் பி.ஆர்.319 சாலையின் நடுப்பகுதி பல நூறு கிலோமீட்டருக்கு மண்சாலை, மழையில் சேறு. "டாக்சி வைத்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தார் ஒருவர். விமானம்தான் வழி. அதுவும் இகுவாசுவிலிருந்து வடக்கே போக, வழியில் சாவ் பாவ்லோ போன்ற ஊரில் மாற வேண்டியிருக்கும். இடம்விட்டு இடம் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு முழு நாள் போய்விட்டதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இகுவாசுவை அரை நாளில் முடிப்பது

பிரேசில் பக்கம் அருவிகளின் முழுத் தோற்றத்தைக் காட்டும். அர்ஜென்டினா பக்கம் அவற்றின் தலைமேல் நடக்க விடும். ஒன்றுக்கு ஒரு நாள். எல்லை தாண்டினால் வேறு நாடு, வேறு விசா விதி. சோதனைச் சாவடியில் போய் நின்று விசாரிக்காதீர்கள். தண்ணீர் அதிகமாக இருப்பது எப்போதும் நல்லதல்ல: வழக்கமாக விநாடிக்குச் சுமார் 15 லட்சம் லிட்டர் விழும் இடத்தில், 2023 அக்டோபர் இறுதியில் 2.4 கோடி லிட்டர் பாய்ந்தது, நடைபாலத்தை மூடிவிட்டார்கள்.

குவாட்டிக்குத் தீனி போடுவது

இகுவாசுவில் சுற்றித் திரியும் நீள்மூக்குச் சிறு விலங்கு அது. கடிக்கும். உணவுப் பையைப் பிடுங்கியும் ஓடும்.

போனிட்டோ ஆறுகளில் சன்ஸ்கிரீன்

போனிட்டோ தெளிந்த ஆறுகளுக்குப் பேர்போன ஊர். அங்கே நீரில் இறங்குமுன் பூசக் கூடாது. நீர் கண்ணாடியாக இருப்பதைக் காக்கவே அந்தத் தடை.

மழைக்காலத்தில் அருவியடியில் மெய்மறப்பது

தலைநகர் பிரேசிலியாவுக்கு வடக்கே சபாடா தோஸ் வெயாடெய்ரோஸ் பீடபூமி அருவிகளுக்குப் பேர்போனது. அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை மழை. உங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் பெருக்கெடுத்து வந்து பாறைகளோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்தக் கணமே கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். செருப்பையும் கேமராவையும் எடுக்கத் திரும்பாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிரேசிலிலிருந்து திரும்புகிறவர்களிடம் இந்தியா அதைக் கேட்கிறது. இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் போதும். சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்து சரக்காக அனுப்பிவிடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.