ரங்கூன் மாடி வீட்டிலிருந்து தெருவுக்கு: உடம்பை மறுபடி நடமாட வைப்பது எப்படி?

இந்தப் பதிவு யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூன் நகருக்குள் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாவது ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் நம்மவர்களில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு. கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர்கள், முழங்கால் வலிக்குப் பயந்து வெளியே போவதைக் குறைத்துக்கொண்டவர்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கும் பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் படிக்கலாம்.

நடமாட்டம் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் சந்தைக்குப் போவது நிற்கும். பால்கனியிலிருந்து கயிற்றை இறக்கினால் பேப்பர், காய்கறி, மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) பொட்டலம் எல்லாம் கிளிப்பில் தொங்கிக்கொண்டு மேலே வந்துவிடுகிறதே. அப்புறம் கோவிலுக்குப் போவது வெள்ளிக்கிழமை மட்டும் என்றாகும், பிறகு திருவிழாவுக்கு மட்டும் என்றாகும். யாராவது "வாங்க, போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் போகிற இடம் நினைவுக்கு வராது, ஏறி இறங்க வேண்டிய படிகள்தான் கண்முன் நிற்கும். அதனால் நம் ஊரில் நடைப்பயிற்சியைப் பூங்காவில் தொடங்கக் கூடாது, படிக்கட்டில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கும் முன்னால், நாற்காலியில்.

தொடங்கும் முன்

நெஞ்சுவலி, மயக்கம், அண்மையில் மாரடைப்பு அல்லது அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்து நடக்கக் கூடாது. விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

படி 1: நாற்காலியிலிருந்து எழுவது

சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். அது நகராதபடி முதுகுப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து, முன்விளிம்புக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து, தரையில் நன்றாகப் பதியுங்கள். இப்போது மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து எழுங்கள். பலர் இந்தச் சாய்வைச் செய்வதில்லை. முதுகை நிமிர்த்தியபடியே எழப் பார்த்து, முடியாமல் கையை ஊன்றுகிறார்கள்.

எழுவதை விட உட்காருவது முக்கியம். தொப்பென்று விழாமல், மனதுக்குள் நாலு வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொடை வேலை செய்வது அப்போதுதான் தெரியும். முதல் வாரம் காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை. கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து தலையணையை எடுத்துவிடலாம்.

இது எதற்கு என்று கேட்டால், நம் ஊர் டீக்கடை முக்காலியை நினைத்துப் பாருங்கள். முழங்காலை விடத் தாழ்ந்த அந்தக் குட்டி பிளாஸ்டிக் முக்காலியிலிருந்து எழ முடியாது என்பதாலேயே டீக்கடைக்குப் போவதை விட்ட தாத்தாக்கள் எத்தனையோ பேர். டீக்கடைப் பழக்கம் விட்டுப்போனால் கூட்டாளிகளும் விட்டுப்போகிறார்கள்.

கூடவே ஒன்று: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்துப் பத்து எண்ணும்வரை நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். தள்ளாடாமல் நிற்கப் பழக்கும் பயிற்சி இது. அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் இப்படிச் சமநிலைக்கான அசைவுகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தில் பையன்கள் வட்டமாக நின்று சின்லோன் ஆடும்போது கவனியுங்கள். பிரம்புப் பந்தைத் தட்டும் ஒவ்வொரு முறையும் உடம்பு முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்த ஆட்டத்தில் எதிரணியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம்.

படி 2: படிக்கட்டு

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இது ஒன்று மனதில் பதிந்தால் பாதி பயம் போய்விடும். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பிறகு அடுத்த படி. அவசரமே இல்லை.

முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம். மூச்சு வாங்காததால் இறங்குவது சுலபம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் முதல் நாளே தெருவரை போக வேண்டாம். ஒரு மாடி இறங்கி, ஒரு மாடி ஏறுங்கள். மறுநாள் காலையில் முழங்கால் வழக்கத்தை விட அதிகமாக வலித்தால் அளவைப் பாதியாக்குங்கள். தொடையில் லேசான வலி மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், அது பழகும்போது வருவதுதான். இரண்டு மூன்று நாள் ஒரே அளவில் சிரமமில்லாமல் போனால் இன்னொரு மாடி சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி திரும்பும் இடத்தில் ஒரு முக்காலி போட்டு வைக்கலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள், அவர்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். களைப்பாக இல்லாவிட்டாலும் அங்கே ஒரு நிமிடம் நின்று போங்கள்.

நம் கட்டடங்களில் படிக்கட்டு இருட்டு. கரண்ட் போனால் பகலிலேயே ஒன்றும் தெரியாது. டார்ச்சைக் கையில் பிடிக்காமல் கழுத்தில் தொங்கவிடுங்கள், கை கைப்பிடிக்கு வேண்டும். சேலையையோ கைலியையோ ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் மாட்டும் வெல்வெட் செருப்பு வீட்டு வாசலோடு நிற்கட்டும். படிக்கட்டுக்கும் தெருவுக்கும் குதிகாலைப் பின்னால் பிடிக்கிற வார் உள்ள செருப்புதான் சரி.

துணைக்கு வருகிறவர் எங்கே நிற்க வேண்டும்? எப்போதும் கீழ்ப்படியில். இறங்கும்போது அவர் முன்னால், ஏறும்போது பின்னால். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழுத்தால் இரண்டு பேரும் சாய்வார்கள்.

படி 3: போவதற்கு ஓர் இடம், கூட வர ஓர் ஆள்

தெருவுக்கு வந்தாயிற்று. இனி "தினமும் அரை மணி நடை" என்று எழுதி ஒட்டாதீர்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான அசைவு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. உண்மைதான், ஆனால் அதைக் காட்டி யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. மாதுளம்பழம் வாங்க, சகலையைப் பார்க்க, காளி கோவிலில் விளக்குப் போட என்று சொன்னால் கிளம்புவார்கள்.

கூப்பிடும் விதமும் இருக்கிறது. "பெரியம்மா, நடந்தாத்தான் உங்களுக்கு சுகர் இறங்கும்" என்றால் பெரியம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவார். "பெரியம்மா, ஜாக்கெட் துணி எடுக்கணும், எனக்குக் கலர் பார்க்கத் தெரியாது, கூட வர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தன்னால் ஒருவருக்கு உதவி இருக்கிறது என்று தெரிந்தால் செருப்பைத் தேடுவார். இது தந்திரம் இல்லை. உண்மையிலேயே அவர் கண்ணுக்குத்தான் கலர் தெரியும்.

தூரத்தைத் தெருவால் அளந்துகொள்ளுங்கள். மகாபந்தூலா ரோட்டிலிருந்து அனவ்ரட்டா ரோடு வரைக்கும் ஒரு சந்தின் நீளம்தான் முதல் இலக்கு. அனவ்ரட்டா ரோட்டில் 1871-இல் நம்மவர்கள் கட்டிய காளி கோவில் இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத் திரும்பலாம். நடைபாதையில் சாக்கடை மூடிக் கற்கள் பெயர்ந்தும் ஆடியும் கிடக்கும், அதனால் பேசுவதென்றால் நின்று பேசுங்கள், நடக்கும்போது தரையைப் பாருங்கள். கால் பழகிய பிறகு மகாபந்தூலா பூங்கா, அதற்கும் பிறகு கண்டோஜி ஏரி. இன்யா ஏரிக் கரையில் காற்று நன்றாக வரும், ஆனால் நிழல் குறைவு. வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

படி 4: கும்மி, முதலில் உட்கார்ந்தபடி

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். நடக்க அலுத்துக்கொள்பவர்கள்கூடப் பாட்டு கேட்டால் காலைத் தட்டுகிறார்கள். சின்ன வயதில் முளைப்பாரியைச் சுற்றி ஆடிய அம்மாக்களுக்கு உடம்பு மறந்திருக்காது.

நாலு முதல் ஆறு பேர் போதும். கை இல்லாத நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவில் இரண்டு பேர் நிற்கும் அளவு இடம் விட்டு.

முதலில் கால் மட்டும். வலது குதிகாலை முன்னால் நீட்டித் தரையில் தட்டி, திரும்ப எடுங்கள். பிறகு இடது. நாலு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. கால்கள் ஒழுங்காக வந்த பிறகு கை: வலப்பக்கம் சாய்ந்து முழங்காலுக்கு அருகில் ஒரு கும்மி, நிமிர்ந்து நெஞ்சுக்கு நேராக ஒன்று, இடப்பக்கம் சாய்ந்து ஒன்று, மறுபடி நெஞ்சுக்கு நேராக ஒன்று. விரல்நுனி மட்டும் தட்டாமல் உள்ளங்கை முழுதும் படட்டும், சத்தம் கேட்டால்தான் உற்சாகம் வரும். பிறகு கையும் காலும் சேர்த்து. முதல் நாள் யாருக்கும் சேராது. பரவாயில்லை, சிரித்துவிட்டுத் தொடருங்கள்.

வேகம் சரியா என்று பார்க்கப் பாட்டே போதும். ஒருவர் வரியைப் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவது கும்மி வழக்கம். பேச முடிகிறது, ஆனால் முழு வரியைப் பாட மூச்சு போதவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். சுலபமாகப் பாட முடிந்தால் தாளத்தைக் கொஞ்சம் கூட்டலாம். பேசவே முடியவில்லை என்றால் உடனே குறையுங்கள். அதனால் பாட்டை எடுத்துக்கொடுக்கும் வேலை அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு. மாரியம்மன் பாட்டு, அறுவடைப் பாட்டு, தெரிந்தது எதுவானாலும் சரி.

நன்றாகப் பழகிய பிறகு எழுந்து நின்று ஆடலாம். நாற்காலி முதுகுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். இரண்டு அடி வட்டத்துக்குள் போய்க் குனிந்து ஒரு கும்மி, இரண்டு அடி பின்னால் வந்து நிமிர்ந்து ஒரு கும்மி. தலைசுற்றல் உள்ளவர்கள் தலையை இடுப்புக்குக் கீழே தாழ்த்த வேண்டாம், குனிவதற்குப் பதில் முழங்காலை லேசாக மடக்கினால் போதும். வெறும் காலில் ஆடும்போது வழவழப்பான தரையில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாத்தாக்கள் கும்மிக்கு வர மாட்டேன் என்பார்கள். அவர்களுக்கு ஒயிலாட்டம் இருக்கிறது. கையில் ஆளுக்கொரு கைக்குட்டை, ஒரே வரிசை, ஒரே தாளம். வலது கால், இடது கால், கைக்குட்டையை வீசி ஒரு திரும்பல். ஆண்கள் ஆடிய ஆட்டம் என்று சொன்னால் வெட்கம் விட்டு வருவார்கள்.

படி 5: ஒரு நாள் வெளியூர் போல

ஒன்றிரண்டு மாதம் கழித்து, குளிர்மாதங்களில் ஒரு விடியற்காலை ஷ்வேடகோன் பகோடாவுக்குக் கிளம்புங்கள். தெற்கு வாசலில் 104 படிகள். முழங்கால் பலவீனமானவர்களுக்கு நான் சொல்வது: படியில் ஏறி, லிஃப்டில் இறங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மறுநாள் வலிக்கிறது என்கிறார்கள். ஏற முடியாதவர்கள் இரண்டு பக்கமும் லிஃப்டையே எடுத்துக்கொள்ளலாம், அதில் குறைவு எதுவும் இல்லை. கரண்ட் இருக்கிறதா என்று கீழேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

செருப்பை அடிவாரத்திலேயே கழற்ற வேண்டும். அதனால் வெயிலுக்கு முன் போவது அவசியம், வெயில் ஏறினால் சலவைக்கல் பாதத்தைச் சுடும். மேலே வலமாகச் சுற்றி வரும்போது அவரவர் பிறந்த கிழமைக்கான விலங்குச் சின்னம் உள்ள இடத்தைத் தேடச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குக் காலை, மாலை என்று இரண்டு இருப்பதால் மொத்தம் எட்டு. திங்களுக்குப் புலி, வியாழனுக்கு எலி, சனிக்கு நாகம். பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று என்று தேடிக் கண்டுபிடித்து அங்குள்ள சிலைக்கு நீர் ஊற்றினால், நடக்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு சுற்று முடிந்துவிடும். நடுவில் மண்டப நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

மழையும் படுக்கையும்

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை வெளியே போவது குறையும். குடை ஒரு கையை எடுத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கிய சந்தில் பள்ளம் தெரியாது. அந்த மாதங்களில் நாற்காலிப் பயிற்சி, படிக்கட்டில் ஒரு மாடி, வாரம் இரண்டு கும்மி என்று கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் வெயிலிலும் இதேதான், காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. முன்பு செய்ததில் பாதி, அதுவும் நாற்காலியிலிருந்து. முதல் இரண்டு நாள் எழுந்து உட்காருவது மட்டும், மூன்றாம் நாள் வாசல் வரை, பிறகு ஒரு மாடி. படிக்கட்டில் போட்ட முக்காலியை அதுவரை யாரும் எடுத்துவிடாமல் பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.