கச்சேரியில் மிக்சர்: மானிட்டர், அவுட்புட் பக்கத்தைப் பழகுவது எப்படி?

பல மைக்குகளின் ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்சர் முன்னால் முதன்முறை உட்காருகிறவர்கள், ஒரு மைக்குக்கு ஒன்று என இருக்கும் சேனல் வரிசையைத்தான் முதலில் படிக்கிறார்கள். கலந்த ஒலி வெளியே போகும் அளவை வைக்கிற, வலது ஓரத்தில் இருக்கும் மாஸ்டர் பகுதி அப்படியே விடுபட்டுப் போகிறது. ஆனால் மார்கழியில் எந்தச் சபாவுக்குப் போனாலும் காதில் விழும் புகார்கள் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. "எனக்கே என் குரல் கேட்கலை" என்று பாடகர் சொல்வார். "மிருதங்கம் காதைக் கிழிக்குது" என்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து வருவார்.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மிக்சரிலிருந்து ஒலி மூன்று காதுகளுக்குப் போகிறது: ரசிகர் காது, மேடையில் இருப்பவர் காது, உங்கள் காது. எந்தக் குமிழைத் தொடுவதற்கு முன்பும் "இது யார் காதுக்குப் போகிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே சிறிய அனலாக் மிக்சர் ஒன்றை வைத்துக்கொள்வோம். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என ஐந்து சேனல்கள்.

1. பின்பக்க இணைப்பு

மெயின் அவுட், அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு. ஆக்ஸ் என்பது மெயினைத் தவிர இன்னொரு தனிக் கலவையை அனுப்பும் வழி; ஆக்ஸ் 1 அவுட், மேடை மானிட்டருக்கு, அதாவது கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கருக்கு. ஹெட்போன் உங்களுக்கு. இவற்றோடு 'கன்ட்ரோல் ரூம் அவுட்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான சிறிய மிக்சர்களில் ஹெட்போனில் கேட்பதேதான் அதிலும் வரும். தவறிப்போய் அரங்க ஸ்பீக்கரை அதில் செருகிவிட்டால், நீங்கள் சோதனைக்காகக் கடம் சேனலின் பி.எஃப்.எல். பொத்தானை (ஒரு சேனலை மட்டும் தனியாகக் கேட்க உதவுவது) அழுத்தும்போது மற்றதெல்லாம் அடங்கி, கடம் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்கும். ஒருமுறை கேபிளைக் கையால் தொடர்ந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் வாங்கினால் கால் அங்குல ஜாக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். இரண்டு இருந்தால் பேலன்ஸ்டு இணைப்புக்கு, அதாவது வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் இணைப்புக்கு ஆகும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மேடை வரை நீண்ட தூரம் இழுக்கும்போது விளக்கு வயர்களிலிருந்து இரைச்சலை வாங்கிவரும். எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முள் கொண்ட வட்ட இணைப்பான்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பவர் போடும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு அடி விழும்.

2. பி.எஃப்.எல். அழுத்தி கெயின் வைப்பது

ஒலி அளவை ஏற்றி இறக்க மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள். பாடகர் சேனலில் பி.எஃப்.எல். அழுத்துங்கள். ஃபேடருக்கு முன்பிருந்தே ஒலியை எடுப்பதால், ஃபேடர் கீழே இருந்தாலும் உங்கள் ஹெட்போனில் குரல் வரும். மீட்டரும் இப்போது அந்த ஒரு சேனலை மட்டுமே காட்டும்.

கெயின் என்பது மைக்கின் ஒலி மிக்சருக்குள் நுழையும்போதே அதன் அளவை வைக்கும் குமிழ். மெல்ல முனகச் சொல்லி அதை வைக்காதீர்கள். தார ஸ்தாயியில் முழுக்குரலில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள். மீட்டர் 0-ஐ ஒட்டி ஆடட்டும், எப்போதாவது +6 தொடட்டும். சிவப்பு எரியக் கூடாது. மிருதங்கத்துக்கும் அப்படியே: தனி ஆவர்த்தனத்தில் விழும் பலமான அடியை வாசிக்கச் சொல்லுங்கள்.

முடிந்ததும் பொத்தானை விடுவியுங்கள். மறந்துவிட்டால், கச்சேரி நடுவில் மீட்டர் எதைக் காட்டுகிறது என்றே புரியாது. ஏ.எஃப்.எல். என்றிருந்தால் அது ஃபேடருக்குப் பிறகு எடுப்பது. கலவையில் அந்தச் சேனல் எவ்வளவு போகிறது என்று பார்க்க அது உதவும், கெயின் வைக்க உதவாது.

3. மெயின் ஃபேடர்

மெயின் ஃபேடரை 0 குறிக்குக் கொண்டுவாருங்கள். 0 என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று பொருள். பிறகு சேனல் ஃபேடர்களையும் 0 பக்கத்தில் வைத்து, அரங்கின் ஒலி அளவை ஆம்பில் சரிசெய்யுங்கள். காரணம் இருக்கிறது. 0-க்கு அருகே விரலை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சில டெசிபல்தான் மாறும். அடியில் அதே ஒரு சென்டிமீட்டர் பெரிய பாய்ச்சலாக இருக்கும். ஃபேடர்கள் அடியில் கிடந்தால் நுணுக்கமாகக் கலக்கவே முடியாது.

4. மேடை மானிட்டர்

கச்சேரி நன்றாக அமைவதும் அமையாததும் இங்கேதான் இருக்கிறது என்பது என் அழுத்தமான கருத்து. தன் குரல் கேட்காத பாடகர் கத்திப் பாடுவார், சுருதி நகரும், சுகம் போய்விடும்.

ஆக்ஸ் 1-ஐ 'ப்ரீ' நிலையில் (ஃபேடருக்கு முன்பிருந்து எடுப்பது) வையுங்கள். அப்போது நீங்கள் அரங்குக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் மேடைக்குப் போவது மாறாது. ஆனால் கெயின் தொட்டால் இரண்டும் மாறும். ஆகவே கச்சேரி தொடங்கிய பின் கெயினில் கை வைக்காதீர்கள்.

சேனல்களின் ஆக்ஸ் 1 குமிழ்களைத் திருப்பி முதலில் தம்புரா, பிறகு குரல், பிறகு கொஞ்சம் வயலின் கொடுங்கள். மிருதங்கம் பக்கத்திலேயே இருப்பதால் பெரும்பாலும் மானிட்டரில் தேவைப்படாது. முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதன் முதுகு மானிட்டரைப் பார்க்கும்படி வையுங்கள். அந்தத் திசையில்தான் அதற்குக் காது மந்தம். மானிட்டரின் மொத்த அளவை வைக்கும் ஆக்ஸ் மாஸ்டரை மெல்ல ஏற்றுங்கள். மானிட்டர் ஒலி மைக்கிலேயே திரும்ப நுழைந்து 'கொய்ங்' என்று ஊளையிடும் ஃபீட்பேக் தொடங்கும் இடம் தெரிந்ததும் அங்கிருந்து 6 டெசிபல் இறக்கிவிடுங்கள்.

பாடகர் வர்ணத்தின் நடுவே மானிட்டரைக் காட்டி ஒரு விரலை மேலே உயர்த்துவார். உடனே ஏற்றுவதற்கு முன், மானிட்டரில் வேறு எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். வயலினைச் சற்று இறக்கினாலே குரல் மேலே வந்துவிடும், ஃபீட்பேக் பயமும் இல்லை.

5. ஹெட்போன்

இரைச்சல், கரகரப்பு, செத்த மைக் எது என்று கண்டுபிடிக்க ஹெட்போன். கலவையை முடிவு செய்ய அதை நம்பாதீர்கள். எழுந்து கடைசி வரிசைக்கு நடந்து போய்க் கேளுங்கள். அரங்கம் நிறைந்ததும் இன்னொரு முறை கேளுங்கள், ஏனென்றால் ஆட்கள் நிறைந்த அரங்கம் உயர் அதிர்வெண்களை விழுங்கும்.

வால்யூமையும் அடக்கி வையுங்கள். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது பணியிடங்களுக்கான பரவலான வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 88 என்றால் 4 மணி நேரம். சீசனில் காலையிலிருந்து இரவு வரை அடுத்தடுத்து வேலை செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

6. பதிவுக்கும் நேரலைக்கும்

மெயின் கலவையை அப்படியே ரெக்கார்டருக்கு அனுப்பினால் குரல் பெரிதாகவும் மிருதங்கம் எங்கோ தூரத்திலும் கேட்கும். சிறிய அரங்கில் மிருதங்கம் மைக் இல்லாமலே ரசிகருக்குக் கேட்பதால், மெயினில் அதைக் குறைவாக வைத்திருப்பீர்கள். ரெக்கார்டருக்கு அந்த நேரடி ஒலி கிடையாது.

அதற்கு ஆக்ஸ் 2-ஐ ஒதுக்கி, 'போஸ்ட்' நிலையில் (ஃபேடருக்குப் பிறகு எடுப்பது) வைத்து, மிருதங்கத்தையும் கடத்தையும் அதில் கூடுதலாகக் கொடுங்கள். போஸ்ட் என்பதால் குரலுக்கு நீங்கள் ஃபேடரில் செய்யும் திருத்தங்கள் பதிவிலும் வந்துவிடும். ஆக்ஸ் 2 மாஸ்டரில் ஏ.எஃப்.எல். இருந்தால் அழுத்தி, அந்தக் கலவையை ஹெட்போனில் கேட்டே சரிசெய்யுங்கள். வீட்டில் நேரலை பார்க்கும் பலர் காதில் ஹெட்போன்தான் இருக்கும், ஆகவே இந்த ஒரு வேலைக்கு உங்கள் ஹெட்போனை நம்பலாம்.