வெளிநாட்டுல வார்னிஷ், ஷெல்லாக், ஸ்பிரிட் எல்லாம் எப்படி தேடி வாங்கறது

வெளிநாட்டுக்கு குடி போனதும் மர பாலிஷ் வேலை பண்றவங்களுக்கு முதல்ல வர்ற தலைவலி, கடையில வரிசையா டப்பா இருக்கும் ஆனா பழகின பேர் ஒண்ணு கூட கண்ணுல படாது. அதே டப்பாவ தேடி அலையாதீங்க, உள்ள இருக்கற சரக்கு என்னன்னு தெரிஞ்சுகிட்டு அந்த சரக்க தேடுங்க. பிராண்டும் பேரும் நாட்டுக்கு நாடு மாறும், உள்ள இருக்கற கெமிக்கல் மாறாது.

சரக்க எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா, நீங்க வழக்கமா வாங்கற பொருளோட பேரையும் சேஃப்டி டேட்டா ஷீட்னும் சேர்த்து நெட்ல தேடுங்க, பொருள்ல என்ன இருக்கு, என்ன ஆபத்துன்னு சொல்ற தாள் அது, பெரும்பாலும் கம்பெனியே பிடிஎஃப் போட்டிருக்கும். அதுல மூணாவது பகுதியில என்னென்ன கலந்திருக்குன்னு இருக்கும், பக்கத்துலயே சிஏஎஸ் நம்பர்னு ஒண்ணு இருக்கும், அந்தந்த கெமிக்கலோட அடையாள நம்பர், இது உலகம் பூரா ஒரே நம்பர். எத்தில் ஆல்கஹாலுக்கு 64-17-5, ஷெல்லாக்குக்கு (அரக்குப்பூச்சில இருந்து வர்ற பிசின்) 9000-59-3, அசல் டர்பென்டைனுக்கு 8006-64-2, லின்சீட் ஆயிலுக்கு (ஆளிவிதை எண்ணெய்) 8001-26-1. கடைக்காரருக்கு உங்க பாஷை புரியலன்னாலும் இந்த நம்பர காட்டினா வேலை நடக்கும். ஆனா ஆபத்தான சரக்கு மட்டும்தான் அந்த ஷீட்ல கட்டாயம், அதனால ரெசின் (காஞ்சதும் படலமா நிக்கற பிசின்) என்னன்னு தெரியணும்னா டெக்னிகல் டேட்டா ஷீட்டயும் பாருங்க.

ரொம்ப குழப்பறது ஸ்பிரிட்டும் டர்பென்டைனும்தான். ஷெல்லாக் கரைக்கற ஸ்பிரிட்ட பிரிட்டன்ல மெத்திலேட்டட் ஸ்பிரிட்னு கேக்கணும், ஊதா கலர்ல இருக்கும். அமெரிக்கால டிநேச்சர்டு ஆல்கஹால், ஜெர்மனில ப்ரென்ஸ்பிரிடுஸ், பிரான்ஸ்ல அல்கூல் ஆ ப்ரூலே. சிலதுல மெத்தனால் நிறைய கலந்திருப்பாங்க, அதோட சிஏஎஸ் நம்பர் 67-56-1, தோல் வழியாவும் உடம்புக்குள்ள போற விஷம், அதனால மெத்தனால் குறைவா இருக்கறதா பாத்து எடுங்க, கையுறை போட்டு ஜன்னல் திறந்து வச்சு வேலை பண்ணுங்க. பிரிட்டன்ல ஒயிட் ஸ்பிரிட்னு ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், அதுலயும் ஸ்பிரிட்னு போட்டிருக்கேன்னு எடுத்துடாதீங்க, அது பெட்ரோலியத்துல இருந்து வர்றது, ஷெல்லாக்க கரைக்கவே கரைக்காது. ஆயில் பெயின்ட், ஆயில் வார்னிஷ் இளக்கத்தான் அது. அதையே அமெரிக்கால மினரல் ஸ்பிரிட்ஸ்ம்பாங்க, ஆஸ்திரேலியால மினரல் டர்ப்ஸ், ஜெர்மனில டெர்பென்டின்எர்சாட்ஸ். பைன் மரத்து பிசின்ல இருந்து எடுக்கற அசல் டர்பென்டைன் வேணும்னா கம் டர்பென்டைன்னு தனியா கேக்கணும்.

மருந்துக்கடை ரப்பிங் ஆல்கஹால்ல ஷெல்லாக் கரைக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. 70 சதவீத பாட்டில்ல மீதி தண்ணி, அது பூச்சை வெள்ளையா பூத்து போக வச்சிடும். 99 சதவீதம் கிடைச்சா தைரியமா வாங்கலாம், கொஞ்சம் மெதுவா காயும், அவ்ளோதான்.

ஷெல்லாக்க கரைச்ச டப்பாவா வாங்கறத விட செதிலா வாங்கறதுதான் என்னோட சாய்ஸ். காஞ்ச செதில் இருட்டா குளிர்ச்சியா வச்சா நாள்பட நிக்கும், கரைச்சது சில மாசத்துல கெட ஆரம்பிச்சிடும். 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு 24 கிராம் போட்டு ராத்திரி மூடி வச்சு, நடுநடுவுல குலுக்கி, காலைல மெல்லிய துணில வடிகட்டுங்க. பழைய கரைசல் நல்லாருக்கான்னு பாக்க கண்ணாடி துண்டுல ஒரு சொட்டு விட்டு மெலிசா தடவுங்க, நல்ல ஷெல்லாக்னா சீக்கிரமே இறுகி நகத்தால கீறினா பொடியா உதிரும். மறுநாள் காலைலயும் விரல் வச்சா ரேகை பதியுதுன்னா அத மரத்துல வைக்கவே வைக்காதீங்க, எவ்ளோ நாள் ஆனாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும்.

லின்சீட் ஆயில்ல எதுவும் கலக்காத பச்சை (ரா) எண்ணெய் காய பல நாள், சில சமயம் வாரக்கணக்கு ஆகும். பாய்ல்டுன்னு போட்டிருக்கறதுல டிரையர் (சீக்கிரம் காய வைக்கற கெமிக்கல்) கலந்திருக்கும், ஜெர்மனில அதுக்கு லைன்யோல்ஃபிர்னிஸ்னு பேர். எண்ணெய் துடைச்ச துணிய சுருட்டி குப்பைல போடாதீங்க, காயும்போது சூடு ஏறி தானாவே தீ பிடிக்கும், வெளில ஒத்தையா விரிச்சு காய விடுங்க, இல்லன்னா தண்ணில முக்கி மூடி போட்ட தகர டப்பால போடுங்க. அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க இத தயவுசெஞ்சு விளையாட்டா எடுத்துக்காதீங்க.

பெரிய ஹார்டுவேர் கடைல இல்லன்னா கிடைக்காதுன்னு முடிவு பண்ணிடாதீங்க. அசல் டர்பென்டைன், டாமர் (வார்னிஷ் செய்யற ஒரு மரப்பிசின்), கலர் பொடி, தங்க ரேக்கு எல்லாம் ஓவியர்களுக்கான கடைல இருக்கும். ஷெல்லாக் செதில், ஸ்பிரிட் ஸ்டெயின் (ஸ்பிரிட்ல கரையற மரச்சாயம்), வஜ்ஜிரம் (தோல்ல இருந்து காய்ச்சற பசை) வேணும்னா கிட்டார் வயலின் செய்யறவங்களுக்கு சாமான் விக்கற ஆன்லைன் கடைகள பாருங்க, என் கருத்துல ஷெல்லாக் வேலைக்கு இதுதான் முதல்ல தட்ட வேண்டிய கதவு. தேன்மெழுகுக்கு தேனீ வளக்கறவங்க, வெயில் மழை தாங்கற வார்னிஷுக்கு படகு சாமான் கடை, என்சி (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) தின்னருக்கும் நைஸ் உப்புத்தாளுக்கும் கார் பெயின்ட் கடை.

உப்புத்தாள்ல நம்பர் முன்னாடி பி எழுத்து இருக்கான்னு பாருங்க. பி போட்டது ஐரோப்பிய அளவு, பி இல்லாதது அமெரிக்க அளவா இருக்கலாம். 220 வரைக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, மேல போகப்போக விலகும். அமெரிக்க 320க்கு கிட்டத்தட்ட பி 400, 400க்கு பி 800, 600க்கு பி 1200.

சுவர் லப்பம் வாங்கறப்போ ஜிப்சமா சிமென்ட்டான்னு மட்டும் பாருங்க, ஜிப்சம் உள்சுவருக்குதான், ஈரம் படற இடத்துல நிக்காது. பழைய பெயின்ட் உரிக்கற மெத்திலீன் குளோரைடு ஸ்ட்ரிப்பர தேடி நேரத்த விரயம் பண்ணாதீங்க, உயிருக்கு ஆபத்துன்னு ஐரோப்பிய யூனியன்லயும் அமெரிக்காலயும் வீட்டு உபயோகத்துக்கு விக்கறத தடை பண்ணிட்டாங்க, ஹீட் கன்னும் சுரண்டியும் வச்சே உரிச்சிடலாம், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கான்னு டெஸ்ட் கிட் வச்சு பாத்துட்டு ஆரம்பிங்க.

ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட கொண்டு வர சொல்றதா இருந்தா தின்னர், வார்னிஷ், ஸ்பிரிட் எதையும் சொல்லாதீங்க, தீப்பிடிக்கற திரவம், ஃப்ளைட்ல பெட்டில வச்சாலும் அனுமதி இல்ல. ஷெல்லாக் செதில், கலர் பொடி, பிரஷ் மாதிரி காஞ்ச சாமான் சொல்லலாம், பொடிய கம்பெனி லேபிளோட பிரிக்காத பாக்கெட்டா கொண்டு வரச் சொல்லுங்க.